தீபாவளிக்கு மறுநாள்

பண்டிகைகளைப் பற்றி நம்மவர் எழுதிக் குவித்தவை ஏராளம். பண்டிகைக்கு மறுநாளைப் பற்றி எழுதியவர்களோ மிகச் சிலர். எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விளக்கு அணைந்து, பலகாரம் தீர்ந்து, உறவினர் ஊர் திரும்பிய பின்னர் எஞ்சியிருப்பது வெறுமைதானே? அந்த வெறுமையைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் அதனை நன்கு அறிவார்கள். விடுமுறை முடிந்த முதல் நாட் காலையில், அது நாற்பது முகங்களாக வகுப்பறையில் அவர்கள் எதிரே வந்து அமர்கிறது.

றொசல்ல, வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றிடம். நாவலப்பிட்டியிலிருந்து மலையேறி 1885 இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை, இவ்விடத்துத் தேயிலைச் சரிவுகளை ஊடறுத்தே சென்றது. அயலிலுள்ள வட்டவளை இந்நாட்டில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. மழையும் மூடுபனியும் தேயிலையும் லயங்களும் சேர்ந்தவைதாம் இப்பகுதித் தோட்டங்கள். ஆண்டின் பெரும்பகுதியில் இந்த லயங்களில் முதியவர்களும் சிறுவர்களும் கொழுந்து பறிக்கும் பெண்களுமே கண்ணிற் படுவர். இளைஞர்களிற் பலர் கொழும்பில் இருக்கிறார்கள். புடவைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் கட்டட வேலைத்தளங்களிலும் உழைக்கிறார்கள். யுவதிகள் ஆடைத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். அல்லது பிறர் வீட்டு அடுக்களைகளில் இருக்கிறார்கள். தாய்மாருட் சிலர் கடல் கடந்து மத்திய கிழக்கு நாடுகளில் அந்நியர் பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.

தீபாவளிக்கு இரண்டொரு நாள் முன்னதாக, கொழும்பிலிருப்பவர்கள் வந்து சேர்கிறார்கள். ஒரு காம்பராவும் ஒரு குசினியும் கொண்ட வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்துறங்குகிறார்கள். அந்த நாட்களில் எவரும் இடம் போதாதென்று முறையிடுவதில்லை. மாவு இடிக்கும் ஓசை லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கேட்கிறது. ஆண்டு முழுவதும் முகங்கொடுத்துப் பேசாத இரு குடும்பங்கள் பலகாரத் தட்டை மாற்றிக்கொள்கின்றன. மூன்றாம் நாள் மாலை, பைகள் கட்டப்படுகின்றன. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் பேருந்தைப் பிடிக்க அவர்கள் சரிவில் இறங்கிச் செல்கிறார்கள்.

அதன் பின்னர் அந்த லயத்திற்குள் சென்று பார்த்தவர்களுக்கே நாம் சொல்ல வருவது விளங்கும். தந்தை தவறணைப் பக்கம் போயிருப்பார். தாய் மறுநாட் பிரட்டுக்குப் போவதற்காகக் கூடையையும் படங்கையும் எடுத்துவைத்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் வாட்டம் என்பதைவிடக் களைப்பே மேலோங்கியிருக்கும். சின்னஞ்சிறுசு ஒன்று சாப்பிட மறுத்து மூலையில் சுருண்டிருக்கும். “அழுவாத, பொங்கலுக்கு அக்கா வந்துருவா” என்று பாட்டி தேற்றுவாள். அக்கா பொங்கலுக்கு வரமாட்டாள் என்பது பாட்டிக்குத் தெரியும். குழந்தைக்கும் அநேகமாகத் தெரியும்.

பண்டிகை முடிந்ததும் குடும்பத்தைக் கவ்விக்கொள்ளும் இந்தச் சோர்வை எவ்வாறு கொள்ளுவது? அது மனத்தின் பலவீனமா, மறக்கப்பட வேண்டிய அற்ப உணர்ச்சியா, அன்றி மதிக்கப்பட வேண்டிய ஒன்றா? இது சிறிய கேள்விபோலத் தோன்றும். ஆனால் இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்துச் சில பிள்ளைகளின் வாழ்க்கையே திசைமாறிப் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

வழக்கமாக இதற்கு மூன்று விடைகள் கூறப்படுகின்றன.

முதலாவது, பெரியவர்களின் விடை. இன்பமும் துன்பமும் மாறிமாறி வரும். ஆசையை அடக்கினால் ஏமாற்றம் இல்லை என்பது அது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தன் சகோதரியோடு ஒரு வாரம் கூடியிருக்க விரும்பும் பத்து வயதுச் சிறுவனின் விருப்பத்தை ‘ஆசை’ என்று பெயரிட்டு அடக்கச் சொல்வது எவ்வகை அறம்? அடக்கப்பட வேண்டிய ஆசைகள் உலகில் வேறு எத்தனையோ உள்ளன. அவை லயங்களில் இல்லை.

இரண்டாவது, முற்போக்காளர் எனத் தம்மைக் கருதும் நம்மிற் பலர் கூறும் விடை. பண்டிகையே ஒரு மயக்கம். தொழிலாளி முற்பணம் வாங்கிக் கொண்டாடிவிட்டுப் பின்னர் மாதக்கணக்கில் அதைக் கட்டுகிறான். மயக்கம் தெளிந்தபின் தலைவலி வருவது இயற்கை. ஆகவே பண்டிகையை விட்டொழிப்பதே வழி என்பது அது. தீபாவளி முற்பணம் சம்பளத்தில் மாதந்தோறும் வெட்டப்படுவதும், அந்தக் கடனோடு பாடசாலைச் செலவும் மருந்துச் செலவும் சேர்ந்து குடும்பத்தை நெரிப்பதும் மறுக்க முடியாத உண்மைகள். எனினும் இந்த விடையும் நமக்கு உவப்பாயில்லை. கொழும்பில் வசதி படைத்தவன் விடுமுறைக்கு நுவரெலியா வந்து செலவழிப்பதை நாம் ஊதாரித்தனம் என்பதில்லை, ஓய்வு என்கிறோம். அதே மலையில் உழைப்பவள் தன் பிள்ளைக்கு ஒரு புதுச்சட்டை வாங்கினால் மட்டும் அது மயக்கமாகிவிடுகிறது. மகிழ்ச்சிக்கும் உரிமை உண்டென்பதை ஏற்காத முற்போக்கு, துரைத்தனத்தின் இன்னொரு குரலாகவே ஒலிக்கும்.

மூன்றாவது, இக்காலத்து விடை. மனத்தை வேறு வழியில் திருப்பு, நேரத்துக்கு உறங்கு, உடலுக்குப் பயிற்சி கொடு, அடுத்த விடுமுறையை இப்போதே திட்டமிடு என்கிறது அது. நகரத்தில், நாற்காலி வேலைக்குத் திரும்புவோருக்கு இது பயன்படலாம். நிறுவை குறைந்தால் அரைப்பேர் போடப்படும் ஒருத்தியிடம் போய் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவோமானால், அவள் நம்மைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நியாயமானது.

இம்மூன்று விடைகளும் வேறுபட்டவைபோலத் தோன்றினாலும் ஒன்றில் உடன்படுகின்றன. சோர்வு என்பது நீக்கப்பட வேண்டிய பிழை என்று மூன்றும் கருதுகின்றன. அது எதைச் சொல்கிறது என்று அவை கேட்பதில்லை.

கேட்காத குற்றத்தை நாமும் செய்திருக்கிறோம். அதை இங்கே ஒளிப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி விடுமுறை முடிந்த முதல் நாள், எமது வகுப்பில் ‘நான் கொண்டாடிய தீபாவளி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்படி பணித்தோம். ஏறத்தாழ எல்லோரும் பயிற்சி நூலில் உள்ளபடியே எழுதினர்: அதிகாலையில் எழுந்தோம், எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், புத்தாடை அணிந்தோம், கோயிலுக்குச் சென்றோம். ஒரு மாணவன் மட்டும் தீபாவளியைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, மிகுதிப் பக்கம் முழுவதும் அண்ணன் பேருந்து ஏறியதைப் பற்றி எழுதியிருந்தான். பேருந்தின் நிறம், பின்கண்ணாடியில் தெரிந்த அண்ணனின் கை, திரும்பி வரும்போது வழியில் தந்தை ஒன்றும் பேசாதது, வீட்டில் விரித்தபடியே கிடந்த பாய். நாம் சிவப்பு மையால் ‘தலைப்பினின்று விலகிச் சென்றுள்ளது’ என்று எழுதி, குறைந்த புள்ளி இட்டோம். அன்று அது நமக்குக் கடமையாகவே பட்டது.

அடுத்த தீபாவளிக்குப் பின் அந்த இடம் வகுப்பில் வெறுமையாயிருந்தது. அண்ணனோடு அவனும் போய்விட்டான். மலையகப் பாடசாலைகளில் இது புதினமன்று. விடுமுறைக்கு வந்த அண்ணனோ மாமனோ திரும்பும்போது, பதினைந்து பதினாறு வயதுத் தம்பியும் பையோடு நிற்பான். இதற்கு வறுமையைக் காரணமாகக் கூறுகிறோம். வறுமை காரணந்தான். ஆனால் வறுமை ஆண்டு முழுவதும் இருக்கிறது. அவன் ஏன் அந்த மூன்றாம் நாளிற் புறப்படுகிறான்? வந்தவர்கள் போனபின் வீட்டில் பரவும் அந்த மௌனத்தை அவனால் இன்னொரு முறை தாங்க முடியவில்லை. எஞ்சியிருப்பவனாக இருப்பதைவிடப் போகிறவனாக இருப்பது அவனுக்கு எளிதாகத் தோன்றுகிறது. தலைப்பினின்று விலகியவன் அவனல்லன்; நாமே விலகியிருந்தோம்.

ஆகவே கேள்வியைத் திருப்பிக் கேட்போம். அந்தச் சோர்வு எதைச் சொல்கிறது?

மார்க்ஸ் 1844 இல் பாரிஸில் எழுதிய குறிப்புகளில், கூலி உழைப்பாளி வேலையில் இல்லாதபோதே தன் வீட்டில் இருப்பவனாக உணர்கிறான் என்றும், வேலையில் இருக்கும்போது அவ்வுணர்வு அவனுக்கு இல்லை என்றும் விளக்கினார். தீபாவளியின் மூன்று நாட்களில் லயத்து மனிதர்கள் உண்மையிலேயே தம் வீட்டில் இருக்கிறார்கள். பகிர்ந்து உண்கிறார்கள், பேசுகிறார்கள், நேரம் அவர்களுடையதாய் இருக்கிறது. நான்காம் நாள் அவை பறிபோகின்றன. பறிபோனதை உணர்வதே சோர்வு. அது நோயன்று, ஒருவகை அறிவு. சாதாரண நாட்களில் தமக்கு எது மறுக்கப்பட்டிருக்கிறது என்பதை மனிதர்கள் அந்நாளில் உடலால் அறிகிறார்கள். மறுநாட் பிரட்டில் ஆட்கள் குறைந்தால் மேலிடம் அதைச் சோம்பல் என்கிறது. இங்கிலாந்தின் கைவினைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை ஞாயிறு கழிந்த திங்களிலும் வேலைக்குப் போகாமலிருந்து, அதைக் கேலியாகப் ‘புனிதத் திங்கள்’ என்று அழைத்தனர். முதலாளிமார் அவர்களையும் சோம்பேறிகள் என்றே ஏசினர். மார்க்ஸின் மருமகன் பால் லாஃபார்க், பழைய பிரான்சில் திருச்சபையின் விதிப்படி உழைப்பாளிக்கு ஞாயிறுகள் 52 உம் திருநாட்கள் 38 உமாக ஆண்டில் 90 நாள் ஓய்வு இருந்ததை எடுத்துக்காட்டி, ஆலைகளின் யுகம் அதனை விழுங்கியதைக் கண்டித்தார். திருநாளை இழப்பது உழைக்கும் மனிதனுக்கு எப்போதும் உண்மையான இழப்பாகவே இருந்திருக்கிறது.

ஆனால் இழப்பின் அறிவு எல்லா வேளையிலும் நன்மையே செய்யும் என்று நாம் கூறவில்லை. இங்குதான் குடும்பம் என்ற கேள்வி எழுகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே சுமக்கும்போது அதே அறிவு நஞ்சாகிறது. தந்தையிடம் அது சாராயமாகிறது. தாயிடம் அது எரிச்சலாகிப் பிள்ளையின் முதுகில் விழுகிறது. பிள்ளையிடம் அது ஓட்டமாகிறது. ஒரே துயரத்தை ஐந்து பேர் ஐந்து மூலைகளில் இருந்து அனுபவிக்கிறார்கள். ஒருவர் துயரம் மற்றவருக்குக் குற்றமாகத் தெரிகிறது.

நம் மக்கள் இதை அறியாதவர்களல்லர். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தை எண்ணிப் பாருங்கள். காமன் கம்பம் நாட்டப்படுகிறது, ரதியும் மதனும் வீடு வீடாக வருகிறார்கள், தப்பு முழங்குகிறது. இறுதியில் சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிகிறான். அப்போது ரதி அழுகிறாள். விடிய விடிய அழுகிறாள். தோட்டமே சூழ்ந்திருந்து அவளோடு அழுகிறது. தம் சொந்த இழப்புகளை நினைத்து அழுதவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரோ! அதன் பின்னரே காமன் உயிர்த்தெழும் சடங்கு நிகழ்கிறது. மகிழ்ச்சியின் முடிவையும் விழாவிலேயே வைத்து, அந்த முடிவைத் தனியொருவர் தலையில் சுமத்தாமல் எல்லோரும் கூடிச் சுமந்தார்கள் எழுத்தறியாத நம் முன்னோர். தீபாவளிக்கு அப்படியொரு முடிவு இல்லை. அதன் முடிவு பேருந்தின் ஊதுகுழல் ஒலிதான்.

பிரிவைப் பற்றித் தமிழ் இலக்கியம் பேசாததில்லை. பாலைத் திணை முழுவதுமே பிரிவுக்கு உரியது. ஓதற்கும் தூதிற்கும் பொருள் ஈட்டவும் தலைவன் பிரிந்ததைப் பாடினார்கள். மகளிரோடு கடல் கடத்தல் வழக்கன்று என்று விதி வகுத்தது தொல்காப்பியம். இன்று பொருள்வயிற் பிரிந்து கடல் கடப்பவள் தாய். வழிபார்த்திருப்பவன் ஆறு வயது மகன். அவனுக்குத் திணை வகுத்த புலவர் எவருமில்லை. மலையகத்துப் பிரிவு, தலைவனின் முயற்சியாலோ விதியாலோ வந்ததன்று. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையொன்று, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைத் தொகை பிரித்தது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. அண்ணன் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறத் தம்பி மேடையில் நின்ற காட்சியை இம்மலையின் நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் கண்டன. அன்று தாளில் எழுதிப் பிரித்தார்கள்; இன்று சம்பளத்தால் பிரிக்கிறார்கள். லயத்துப் பாட்டி ஒருத்தி பேத்தி பேருந்து ஏறும்போது அளவுக்கு மிஞ்சி அழுதால், அது முதுமையின் பலவீனம் என்று எண்ணிவிடாதீர்கள். அவள் நினைவில் இன்னொரு வண்டியும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

இவ்வளவும் கூறியபின், ஒரு குடும்பம் செய்யத்தக்கது என்ன? நாம் கண்டறிந்த சிலவற்றைச் சொல்கிறோம்.

பிரிவை மறைக்கக் கூடாது. குழந்தை உறங்கும்போது தாய் புறப்பட்டுப் போவதும், கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிக் கொழும்புக்குப் போவதும் அன்பினாற் செய்யப்படுபவைதாம். ஆனால் விழித்தெழும் குழந்தை தாயை மட்டும் இழப்பதில்லை, நம்பிக்கையையும் இழக்கிறது. போகும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வரமாட்டாள் என்றால் வரமாட்டாள் என்றே சொல்ல வேண்டும். அழுதால் அழ விடவேண்டும். கூட அழுதாலும் பாதகமில்லை.

கணக்கைப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும். முற்பணம் எவ்வளவு, எத்தனை மாதம் வெட்டுவார்கள், எந்தச் செலவைக் குறைக்கப்போகிறோம் என்பவற்றைப் பெரியவர்கள் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டால், தன் புதுச்சட்டையாலேயே வீட்டில் சண்டை வருகிறதென்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. கணக்கைத் தெரிந்துகொண்ட பிள்ளை சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும், கேட்கட்டும்.

தாயின் களைப்பைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் விடுமுறையான அந்நாட்களில் அடுப்படியை விட்டு நகராதவள் அவள் ஒருத்தியே. பலகாரம் சுட்டவளும் அவள். பாத்திரம் கழுவியவளும் அவள். மறுநாள் முதல் ஆளாக மலைக்கு ஏறுகிறவளும் அவள். பண்டிகைக்குப் பின் அவளுக்கு வருவது பாதிக்குமேல் உடல் நோவே. அன்று ரொட்டி சுடுவதையும் தண்ணீர் எடுப்பதையும் ஆண்கள் ஏற்றுக்கொண்டால் குடும்பத்தின் சோர்வில் அரைப்பங்கு குறையும். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. சட்டத் திருத்தமும் தேவையில்லை.

பண்டிகையிலிருந்து ஒன்றையாவது வார நாளுக்குள் கொண்டுவர வேண்டும். எல்லோரும் சேர்ந்திருந்து உண்ணும் ஒரு வேளை, அல்லது பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்ளும் ஒரு தட்டு போதும். பண்டிகையின் உயிர் பலகாரத்தில் இல்லை. அந்தத் தட்டு கைமாறியதில் இருக்கிறது.

இங்கே தோழர்கள் சிலர் மறுப்பு எழுப்பக்கூடும். குடும்பத்துக்குள் ஆறுதல் தேடச் சொல்வது, துயரத்துக்குக் காரணமானவர்களைத் தப்பவிடுவதாகாதா? சம்பளம் உயர்ந்து, காணியும் வீடும் கிடைத்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே தொழில் கிடைத்தால் இந்தப் பிரிவே இல்லாமற் போகுமே என்பார்கள். அது முற்றிலும் உண்மை. ஆனால் அந்த நாள் வரும்வரை மூலையிற் சுருண்டிருக்கும் குழந்தையைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அன்றியும், ஆறுதலும் போராட்டமும் எதிரெதிரானவை என்ற எண்ணமே தவறு. 2018 ஒக்டோபர் 24 ஆம் நாளை நினைவுகூர்வோம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டுமென்று மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து கொழும்புக் காலிமுகத்திடலிற் கூடினார்கள். அவர்களுட் பலர் நாம் இதுவரை பேசிவந்த அதே பிள்ளைகள். தலைநகரின் கடைகளில் வேலை செய்தவர்கள். அவ்வாண்டுத் தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரமே இருந்தது. தாம் பெறாத சம்பளத்திற்காக, தம் தாய்மாரின் சம்பளத்திற்காக, அவர்கள் அங்கு நின்றார்கள். அந்த ஆயிரம் ரூபாய் 2021 இலேதான் கிடைத்தது. 2024 இல் 1,350 ஆயிற்று. தொகை போதுமா என்பது வேறு விவாதம். பேருந்தின் பின்கண்ணாடியில் கையசைத்துப் போன பிள்ளைகள், அந்தத் துயரத்தை ஒளிக்காமல் ஒன்றாய்க் கொண்டுவந்து பொதுவெளியில் வைத்தார்கள் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. தனித்திருந்தபோது சோர்வாயிருந்த ஒன்று, கூடியபோது கோரிக்கையாயிற்று. வீட்டில் துயரத்தைப் பகிரப் பழகாதவர்கள் திடலில் அதைப் பகிர முடியாது.

ஆசிரியர்களாகிய நமக்கும், நாளை ஆசிரியர்களாகப் போகும் மாணவ நண்பர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளையிடம் முதலில் நாம் கேட்பது வீட்டுவேலைப் பயிற்சியையா, அல்லது அவன் வீட்டிலிருந்து யார் போனார்கள் என்பதையா? கடந்த சில ஆண்டுகளாக நாம் அந்தக் கட்டுரைத் தலைப்பை மாற்றிவிட்டோம். இப்போது ‘தீபாவளிக்கு மறுநாள்’ என்று எழுதச் சொல்கிறோம். பயிற்சி நூலில் அதற்கு மாதிரிக் கட்டுரை இல்லாததால் பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிறார்கள். பிழைகள் மலிந்திருக்கின்றன; ஆனால் ஒருவர் எழுதியதுபோல் மற்றவர் எழுதுவதில்லை. விரும்பியவர்கள் வாசிக்கிறார்கள். ஒருத்தி வாசிக்கும்போது மற்றவர்கள் தலைகுனிந்து கேட்பதையும், வாசித்து முடிந்தபின் பக்கத்திலிருப்பவள் தன் கொப்பியைத் தானாகவே திறப்பதையும் காண்கிறோம். இதனால் பாடசாலையை விட்டுப் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். போன ஆண்டும் இருவர் போனார்கள். ஆனால் போகுமுன் ஒருவன் வந்து, போகிறேன் என்று சொன்னான். பரீட்சையை எழுதிவிட்டுப் போகும்படி கேட்டோம், அண்ணனிடமும் பேசினோம். அவன் ஓராண்டு நிற்கச் சம்மதித்தான்.

சிவப்பு மையால் நாம் தண்டித்த மாணவனின் தம்பி இப்போது எமது வகுப்பில் இருக்கிறான். வரும் தீபாவளிக்கும் அவனுடைய அண்ணன்மார் இருவரும் வருவார்கள். மூன்றாம் நாள் போவார்கள். மறுநாள் அவன் வகுப்புக்கு வருவானானால், அவன் என்ன எழுதினாலும் அது தலைப்பினின்று விலகியதாகாது.